மாதம் ஒரு குழாய் ரத்தம்

ஆர்.டி.ஓ. ஆபீசில் டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியவர் என்பதால், ஓய்வுபெற்ற பிறகும் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்றே பெயர். டயாலிசிஸுக்கு வரத் தொடங்கி ஆறு வருடமாகியும் நாக்கு மழுங்கவில்லை. கிட்னி போனால் மரியாதையும் போய்விடும் என்று எவனும் நினைத்துவிடக்கூடாது என்றே இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து படுப்பார்.

அந்த வார்டுக்கு ஒருநாள் இதய டாக்டர் பரிவாரத்தோடு வந்தார். நெடுநாள் டயாலிசிஸில் இருப்பவர்களின் இதயம் சத்தமில்லாமல் கெடும். அடிபட்ட இதயத் தசையிலிருந்து ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். மாதம் ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் ஆராய்ச்சிக்காக அதை அளப்பேன் என்றார்.

"உங்க ஹார்ட்டுக்கு ஒண்ணுன்னா உங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும் சார்."

பேசி முடிக்கும்வரை அவர் கண் இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு வரவேயில்லை. "கண்ணாடியப் பாக்காமலே வண்டிய எடுக்கற ஆளு," என்று மனைவியிடம் முணுமுணுத்தபடி இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். எப்படியும் ஊசி குத்தத்தான் போகிறார்கள்.

சில மாதங்களில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மல்லாந்து படுத்தால் திணறல். தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்கினார். மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் இதய டாக்டரை மறித்தாள்.

"அவரோட ரத்தத்துல என்ன வந்திருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க டாக்டர்."

"டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு அது எப்பவுமே கூடத்தாம்மா இருக்கும். பெருசா எடுத்துக்காதீங்க."

சொல்லும்போதே லிஃப்டுக்குள் போய்விட்டார். அவள் திரும்பி வந்து கணவரிடம் அப்படியே ஒப்பித்தாள்.

"எப்பவும் கூடத்தான் இருக்கும்னா மாசாமாசம் எதுக்கு உறிஞ்சறான்?"

அடுத்த படுக்கையில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்த கிட்னி டாக்டரம்மா காதில் அது விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. போய் ஆராய்ச்சி முடிவுகளை வாங்கிப் பார்த்தார். மற்ற நோயாளிகளோடு வைத்துப் பார்த்தால் இன்ஸ்பெக்டரின் அளவில் விசேஷம் ஒன்றுமில்லை. அவருடைய பழைய அளவோடு வைத்துப் பார்த்தால் மூன்று மடங்கு. இதய டாக்டரும் அதைப் பார்த்திருந்தார். பார்த்து, எல்லோருடைய சராசரியிலும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார்.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தில் அடைப்பு. அதை நீக்கி, உடம்பில் தேங்கிய நீரையும் கூடுதலாக இறக்கினார்கள். உயிர் தப்பியது. செத்த தசை செத்ததுதான்.

அவர் தேறி உட்கார்ந்ததும் இதய டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"அருமையான கேஸ் சார் நீங்க. மாநாட்டுல பேசப்போறேன். நம்ம டெஸ்ட் எவ்வளவு கரெக்டா காட்டியிருக்கு பாருங்க."

"அது காட்டிச்சு. நீங்க பாத்தீங்களா?"

"ஸ்டடி முடியறவரைக்கும் யாருக்கும் தனியா சொல்ற வழக்கமில்ல சார்."

"நான் முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தீங்களாக்கும். என் பேர எடுத்துடுங்க. இனி ஒரு சொட்டு கிடையாது."

"ரத்தம் குடுப்பாரு," என்றாள் மனைவி. "டாக்டரம்மாகிட்ட மட்டும்."

இன்ஸ்பெக்டர் அவளை முறைத்தார். அவள் பதிலுக்கு முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

மாநாட்டில் நல்ல கைதட்டல் போலிருக்கிறது. விருதோடு இதய டாக்டர் இளிக்கும் படத்தை வராந்தாவில் பெரிதாக மாட்டினார்கள். இப்போதெல்லாம் வார்டுவரை இன்ஸ்பெக்டரால் ஒரே மூச்சில் நடக்க முடிவதில்லை. நடுவில் உட்கார இருக்கும் ஒரே நாற்காலி அந்தப் படத்துக்கு எதிரில். மனைவி ஒவ்வொரு முறையும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "இப்ப உக்காருங்க," என்பாள்.