நெற்களத்தில் ஒரு பாயளவு நிழல்

போன வருடம் வைகாசி மாதம், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து நெல்மில் ஒன்றில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த விதுர்ஷாவின் மேல் மட்டும் வெயில் விழவில்லை. மேகமோ மரமோ இல்லாமல் ஒரு பாயளவு நிழல் காலை எட்டரைக்கு அவளோடு களத்தில் இறங்கி, ஐந்து மணிக்கு அவளோடு கேற்றடி வரை போய் நின்றுவிடும். அந்த மாதம் பைப்பில் வெந்நீர் வந்தது, காகங்கள் வாய் பிளந்து நடந்தன, இதுவும் நடந்தது. அவ்வளவுதான், பிள்ளைகளே.

அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பி, அரை மணிக்கொரு தரம் வெறுங்காலால் துழாவிப் புரட்ட வேண்டும். செருப்புப் போட்டால் மணி நொறுங்கும் என்பது முதலாளி நல்லரத்தினத்தின் கட்டளை. உச்சி வெயிலில் ஓய்வும் ஒரு கொட்டிலும் தாருங்கள் என்று மற்றப் பதினாறு பெண்களும் கேட்டபோது, அவர் விதுர்ஷாவைக் காட்டி, அந்தப் புள்ள ஏதும் முறைப்பாடு சொல்லுதா என்று கேட்டார். இருபத்திரண்டு வருடம் அந்தக் களத்தில் பாதம் வெந்த சின்னத்தங்கத்துக்கு வெயிலைவிட அந்த நிழல்தான் சுட்டது. மூத்தவளான தன்னிடம் வரவேண்டியது ஆள் மாறிப் போய்விட்டதாகவே நம்பினாள். சோற்றுப் பார்சலைப் பிரித்தால் பசி வராது. ஒருநாள் தண்ணீர் குடிக்கிற சாட்டில் அதற்குள் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். நிழல் தன் ஓரத்தை மடக்கிக்கொண்டது.

"உனக்கென்ன கா, வரக்குள்ளயே கூரையையும் தூக்கிட்டு வாறாய்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், சொன்ன சின்னத்தங்கத்தைத் தவிர.

மறுநாள் முதலாளியிடம் போய், நிழலுக்குள் கிடக்கிற நெல் காயாமல் நாறப்போகிறது என்று சொல்லிவைத்தாள். அவர் விதுர்ஷாவை நெல் அவிக்கும் உமி அடுப்புக்கு மாற்றினார். நிழலும் கூடவே போனது. அவள் நின்ற அடுப்பு மட்டும் இரண்டு நாள் பற்றவில்லை. மூன்றாம் நாள் பகல் அவளை வேலையை விட்டு நிற்பாட்டினார். அவள் பையோடு கேற்றை நோக்கி நடக்க, சின்னத்தங்கம் சந்தோஷத்தில் தண்ணீரும் குடிக்காமல் இரண்டு பேர் வேலையைச் செய்தாள். ஒரு மணியளவில் அவளுக்கு வியர்வை நின்றது. பக்கத்தில் நின்றவளை வேறு யாரோ பெயரால் கூப்பிட்டாள். பிறகு நெல்லின் மேல் விழுந்தாள்.

கேற்றடியில் சம்பளக் காசுக்குக் காத்து நின்ற விதுர்ஷா திரும்பி ஓடிவந்து, நிழலைப் பார்த்து, "அக்காவோட இரி" என்றாள். நிழல் இருந்தது. அவள் வெயிலுக்குள் நடந்துபோய், முதல் தடவையாகப் பாதம் பொசுங்க, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சின்னத்தங்கத்தின் கழுத்திலும் கக்கத்திலும் ஊற்றினாள்.

சின்னத்தங்கம் கண் திறந்தாள். "அப்ப, சொன்னாப் போகுமா இது?"

"ஓம் அக்கா. முதல் நாளே தெரியும். குடுக்க மனம் வரல்ல."

"கள்ளி" என்றாள் சின்னத்தங்கம். அவளுடைய பொசுங்கின பாதத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் வந்திராது கா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு சேலைன் ஏற்றினார்கள். விதுர்ஷா வராமல் களத்தில் கால் வைப்பதில்லை என்று பதினாறு பேரும் சொன்னதால் முதலாளி அவளைத் திரும்ப எடுத்தார். இப்போது பதினேழு பெண்களும் முறை வைத்து, ஆளுக்குக் கால் மணி நேரம் அந்த நிழலில் இருந்து தண்ணீர் குடிக்கிறார்கள். நேரம் பார்ப்பவள் சின்னத்தங்கம். ஒருத்திக்கும் ஒரு நிமிடம் கூடுதலாக விடமாட்டாள், விதுர்ஷாவுக்கு அரை நிமிடமும் விடமாட்டாள். போன கிழமை நல்லரத்தினமும் தலை சுற்றுகிறது என்று வந்தார். வரிசையில நில்லுங்க முதலாளி என்று சொன்னாள். பதினெட்டாவது ஆளாக அவர் நின்றார்.