தெற்கு வெளிச்சம்

இன்னும் மஞ்சள்தான், கன்னத்துக்குக் கீழே, காதோரம், வெளிறிய இடங்களில் எல்லாம் அதே மஞ்சள், போன துண்டிலேயே நீலத்தைக் கூட்டினாளே, அதற்கு முந்தியதிலும்... லினெட் அச்சிட்டுப் பார்த்த சோதனைத் துண்டை ஜன்னலடி மேசையில் வைத்து, நடுவில் ஓட்டை வெட்டிய கறுப்பு அட்டையால் மூடி, மறுபடி பார்த்தாள். அட்டை இல்லாமல் பார்க்கக் கூடாது, தாளின் வெள்ளை ஓரம் கண்ணை ஏமாற்றிவிடும். திரையில் மாமனார் ஆல்ஃபின் முகம் சுத்தச் சாம்பல் நிறம், எந்த நிறத்தின் பக்கமும் சாயாத சாம்பல், தாளில் மட்டும் காமாலை கண்டவர் மாதிரி. கறுப்பு மையில் மட்டும் அச்சிட்டால் வெளிறிய இடங்கள் புள்ளி புள்ளியாகிவிடும், அதனால் பிரிண்டர் மற்ற மைகளையும் துளித்துளியாகக் கலக்கிறது, ஒன்று சற்றே மிஞ்சினாலும் காட்டிக்கொடுத்துவிடும். எது மிஞ்சுகிறது? மை பழசா? நேற்று இதே தாளில் ஒழுங்காக வந்ததே... சனிக்கிழமை அவருக்கு எண்பது வயது, ஊர் மன்றத்தில் மாட்ட வேண்டும். படமெடுத்த அன்று கொட்டகை வாசலில் நின்றுகொண்டு வம்புக்கு இழுத்தார். "கலர்ல எடுத்தா என் மூக்குச் சிவப்பு தெரிஞ்சிடும்னு பயமா, கண்ணு? கறுப்பு வெள்ளைல செத்தவனைத்தான் மாட்டுவாங்க." கணவன் மரே சிரித்தான், அவளும்தான் சிரித்தாள், அது ஏன் இப்போது ஞாபகம் வரவேண்டும்...

நீலத்தை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பிரிண்டர் முனகத் தொடங்கியது. மரே காலையிலேயே அப்பாவைக் கூட்டிவரப் போய்விட்டான், தெற்கே, ஓடையை ஒட்டிய ஒற்றைப் பாதை. காட்டுத்தீ மேற்கு மலைக்கு அந்தப் பக்கம், வாரக்கணக்காக அங்கேதான் எரிகிறது, புகை வாசனை திரைச்சீலையில், தலையணையில், ரொட்டியில்கூட ஏறிப் பழகிவிட்டது, கதவிடுக்கில் ஈரத்துண்டை அடைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் என்றுதான் வானொலியில் சொன்னார்கள். மரே அங்கிருந்து ஒருமுறை கூப்பிட்டான், கிழவர் தண்ணீர் பம்பைச் சரிபண்ணாமல் நகரமாட்டேன் என்கிறாராம், நாயை வேறு காணோமாம். "அங்க எப்படி இருக்கு, லின்?" அவள் கண் துண்டின் மேலேயே இருந்தது. "இங்க அப்படியேதான் இருக்கு. நிதானமா வா." அப்புறம் அவன் கூப்பிடவில்லை. இவள் போட்டாள், மணியே அடிக்கவில்லை, அந்தப் பள்ளத்தில் சிக்னல் எப்போதும் அப்படித்தான்... அப்படித்தானே?

அடுத்த துண்டு வந்தது. மஞ்சள். எரிச்சலில், வழக்கமில்லாமல், மேசை விளக்கைப் போட்டாள், விளக்கை அவள் நம்புவதில்லை, தெற்கு ஜன்னல்தான் அவளுக்கு நீதிபதி, பூமியின் இந்தத் தென்பாதியில் வெயில் எட்டாத ஜன்னல், விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை ஒரே வெளிச்சம், அதற்காகத்தான் மேசையே அங்கே. விளக்கின் கீழ் துண்டு நீலமாக இருந்தது. நீரில் கிடந்த உடம்பின் நீலம். முந்தியதைப் பார்த்தாள், அதுவும் நீலம், கொஞ்சம் குறைவாக. அதற்கு முந்தியது இன்னும் குறைவாக. முதல் துண்டில், காலையில் வேண்டாமென்று ஒதுக்கியதில், ஆல்ஃபின் முகம் சுத்தச் சாம்பல் நிறமாக இருந்தது. அப்படியானால் அதுவே சரி. அப்படியானால் மையில் ஒன்றும் மிஞ்சவில்லை, தாளில் ஒன்றும்... கறுப்பு அட்டையை நகர்த்தினாள். விளக்கை அணைத்தாள். தாளின் வெள்ளை ஓரம், யாரும் மை விடாத ஓரம், ஆறின தேநீரின் நிறத்தில் இருந்தது.

அப்படியேதான் இருக்கு என்று சொன்னாளே. எதைப் பார்த்துச் சொன்னாள்? தோட்டத்துப் பச்சை தாளில் விழக் கூடாதென்று அவளே அந்தக் கண்ணாடி முழுக்க எண்ணெய்த்தாள் ஒட்டியிருக்கிறாள், வெளிச்சம் வரும், வெளியே ஒன்றும் தெரியாது. துண்டுகளை வந்த வரிசையில் அடுக்கினாள், கை தானாக அடுக்கியது, சாம்பலில் தொடங்கி நீலம், இன்னும் நீலம்... காலையிலிருந்து தெற்கு வானத்தில் ஏறும் புகையை அளந்துகொண்டிருந்திருக்கிறாள், திருத்தித் திருத்தி மறைத்துக்கொண்டும். நிதானமா வா. மறுபடி எண்ணை அழுத்தினாள், காதில் வெறும் அமைதி. எண்ணெய்த்தாளின் ஒரு மூலை முன்பே லேசாகப் பிரிந்திருந்தது, நகத்தை வைத்து இழுத்தால் போதும். நகத்தை வைத்தாள். பின்னால் பிரிண்டர் நின்றது, அவள் கேட்டிருந்த நீலத்தோடு ஆல்ஃபின் முகம் வெளியே வந்து தொங்கியது.