அமிர்தநாதர் நிமிர்த்தி வைத்த என்ஜின்

பிறம்ரன் நகரில் ஒரு களஞ்சியசாலையில் இருபத்திரண்டு வருடம் பெட்டிகளுக்கு ரேப் நாடா ஒட்டிய அமிர்தநாதரை, ரூஜ் பகுதியில் அவர் குடியிருக்கும் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக் கிருபன் போன வைகாசியில் ஒரு சின்னப் படகு வாங்கி வீட்டு முன் டிரைவ்வேயில் நிறுத்தினான். அன்றோடு அமிர்தநாதரின் தலையெழுத்து மாறியது. தாய்நாட்டில், பேசாலைக் கடலில் அவர் பதினைந்து குதிரைவலுப் படகு என்ஜின் ஓட்டியவர் என்பது அன்றுதான் ஊருக்குத் தெரியவந்தது. ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் ‘என்ஜின் மாஸ்ரர்’ என்றார்கள். அவரும் மறுக்கவில்லை. மனைவி மரியம்மா மட்டும், “வீட்டில சுடுதண்ணித் தாங்கி ஆறு மாசமா ஒழுகுது, மாஸ்ரர்” என்றாள். அதை யார் கேட்டார்கள்?

படகு எத்தனை தரம் தண்ணீரைக் கண்டது என்று கேட்கக்கூடாது. இரண்டு தரம். மற்ற நாளெல்லாம் டிரைவ்வேயில் நின்று படத்துக்கு முகம் காட்டியது. ஆனால் குளிர் வந்தால் ஓடிய என்ஜினுக்கும் ஓடாத என்ஜினுக்கும் ஒரே பராமரிப்புத்தான். நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை அமிர்தநாதர் கையுறையோடு வந்து சேர்ந்தார்.

பொய் சொல்லக்கூடாது, வேலையைச் சுத்தமாகத்தான் செய்தார். ஹோஸ் பூட்டி நல்ல தண்ணீர் ஓடவிட்டார். பெற்றோல் பழுதாகாமல் இருக்க மருந்து கலந்தார். சிலிண்டருக்குள் எண்ணெய் தெளித்தார், கியர் எண்ணெயை மாற்றினார், பற்றறியைக் கழற்றி வீட்டுக்குள் அனுப்பினார். கிருபன் ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்தான். கடைசியில் என்ஜினைத் தூக்கி, புறொப்பெல்லர் வானத்தைப் பார்க்க நிமிர்த்திப் பூட்டினார்.

வாசற்படியில் கிருபனின் மனைவி துர்க்கா நின்றாள். லொறிக் கொம்பனியில் இருந்துகொண்டு நாற்பது ட்ரைவர்மாரை ஃபோனில் மேய்ப்பவள். கையில் என்ஜினோடு வந்த புத்தகம்.

“அங்கிள், உந்த என்ஜினைக் கீழ இறக்கி நேர வைக்கச் சொல்லியெல்லோ இதில கிடக்கு.”

“கரைக்கு வந்த என்ஜினை ஆரும் இறக்கி வைப்பினமோ, பிள்ளை? இருபது வருசம் நான் தூக்கித்தான் வைச்சனான்.”

“தண்ணி உள்ளுக்க நிண்டிடுமாம்...”

“புத்தகம் எழுதினவன் பேசாலைக்கு வந்தவனோ?”

“நீர் சும்மா இரும், துர்க்கா. அங்கிளுக்குத் தெரியாததே?” என்றான் கிருபன்.

துர்க்கா சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்தால் யாராவது பயப்பட வேண்டும். ஒருவரும் பயப்படவில்லை. படகைத் தறப்பாள் விரிப்பால் மூடிக் கட்டினார்கள்.

அடுத்த வெள்ளி குளிர் சைபருக்குக் கீழே பன்னிரண்டுக்கு இறங்கியது. சனி காலை மரியம்மா கராஜுக்குள் நின்று கத்தினாள்.

“மடுமாதா தீர்த்தம் வெடிச்சுப்போச்சு! அலுமாரியில இடமில்லையெண்டு நீங்கள்தானே இங்க கொண்டுவந்து வைச்சனீங்கள்!”

கண்ணாடிப் போத்தில் அடியிலிருந்து கழுத்துவரை பிளந்து, பனிக்கட்டி மட்டும் போத்தில் மாதிரியே நின்றது. மாதாவின் தண்ணீருக்கே இந்தக் கதியென்றால், கிருபனின் என்ஜினுக்குள் நிற்கும் தண்ணீர் என்ன செய்யும்? பேசாலையில் தண்ணீர் வற்றும், உப்பாய்ப் படியும். இறுகி எதையும் பிளந்ததை அவர் கண்டதில்லை. பனி கரைந்ததும் கிருபன் தறப்பாளைத் தூக்குவான். வெடித்த என்ஜினையும் வீடியோ எடுப்பான். மாஸ்ரர் பட்டம் அதோடு சரி. பிறகு பழையபடி ரேப் ஒட்டிய அமிர்தர்தான். போய் உண்மையைச் சொல்லி இறக்கி வைக்கலாம். அதைவிடக் குளிரில் விறைத்துச் சாகலாம் என்று அவருக்குப் பட்டது.

ஞாயிறன்று அவருக்கு முழங்கால் நொந்தது. மரியம்மா தனியே பூசைக்குப் போனாள். கிருபன் வீட்டார் கோயிலுக்குப் புறப்பட்டதை யன்னல் சீலைக்குள்ளால் பார்த்து உறுதி செய்துகொண்டு, நொந்த முழங்காலோடு அமிர்தநாதர் பனிக்குவியலைத் தாண்டிக் குதித்தார்.

தறப்பாளுக்குள் தலையை விட்டார். என்ஜின் ஏற்கெனவே இறங்கி நேராக நின்றது. வடிந்த தண்ணீர் அதன் காலடியில் ஒரு தட்டளவு பனிக்கட்டியாய்க் கிடந்தது.

“அங்கிள், என்ன தேடுறியள்?”

கதைத்தது கிருபன் வீட்டு அழைப்புமணி. கமரா வைத்த மணி. பின்னால் கோயில் மேளச் சத்தம், ஃபோனிலிருந்து பேசும் குரல் துர்க்காவுடையது.

“ஆர் இதை இறக்கினது?”

“நான்தான். அண்டைக்குப் பின்னேரமே இறக்கிட்டன். சொன்னா உங்களுக்கு மனம் நோகும் எண்டு விட்டிட்டன்.”

நல்லது பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். தொப்பியில் ஒட்டிய பனியைத் தட்டினார். மணிக்கு நேரே வந்து நின்றார்.

“அதுதான் பிழை. ஒரு கிழமை மேல நிக்க வேணும், எண்ணெய் எல்லா இடமும் ஊறுறதுக்கு. பிறகுதான் இறக்கிறது. அதுக்குத்தான் இண்டைக்கு வந்தனான். நீ ஒரு கிழமை அவசரப்பட்டிட்டாய்.”

மணிக்குள்ளிருந்து யாரோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்துவது போல ஒரு சத்தம்.

“சொறி அங்கிள். இனி உங்களைக் கேட்டுத்தான் செய்வன்.”

“நான் அப்பவே சொன்னனான்!” என்று கிருபன் எங்கோ தூரத்தில் கத்தினான்.

அந்தக் கமராப் படத்தைத் துர்க்கா ஒருவருக்கும் அனுப்பவில்லை. அனுப்பியவன் கிருபன், அதுவும் பெருமையோடு, ‘அங்கிளின் முறை’ என்று தலைப்பும் போட்டு. மார்கழி பிறப்பதற்குள் நம்மவர் படகு நிற்கும் வீடுகளிலெல்லாம் என்ஜின்கள் வானம் பார்த்தன. வெக்ஸ்போர்ட் பகுதியிலிருந்து கீதன் என்று ஒருவன் ஃபோன் எடுத்தான்.

“மாஸ்ரர், இந்த முறை குளிர் கூடவெல்லோ. என்ஜின் மேல நிக்கிறது ஏழு நாளோ, எட்டு நாளோ?”

கோப்பை கழுவிக்கொண்டிருந்த மரியம்மா தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அமிர்தநாதர் கண்ணை மூடி யோசித்தார்.

“எத்தனை குதிரை, தம்பி?”

“இருபது.”

“அப்ப எட்டு.”