தபீதாள் பூசிய எண்ணெய்

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும், இங்கே ஒரு மனிதர் எப்படி விழுவார் என்றுதான் ஜீவிதாவின் கண் முதலில் பார்க்கும். கல்யாண மண்டபமானாலும் சபையின் படிக்கட்டானாலும் அப்படித்தான். தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாகப் பல வருடங்கள் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வேலையை விட்டுவிட்டு, ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் தரைத்தளத்தை வாடகைக்கு எடுத்து, எலும்பு முறிந்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் மறுபடி நடந்து பழக ஒரு பயிற்சிக்கூடம் அமைக்கத் தொடங்கியபோது, அந்தப் பழக்கம் பயமாக மாறிவிட்டது. மருத்துவமனையில் யாராவது விழுந்தால் ஓடிவர ஆட்கள் இருந்தார்கள். இங்கே அவள் ஒருத்திதான்.

வீட்டுக்காரர் பெருமையாகப் போட்டிருந்த பளபளப்பான டைல்ஸ் ஈரம் பட்டால் வழுக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. தரை முழுவதும் ரப்பர் விரிப்பு ஒட்டினாள். ஓரங்களில் கால் இடறுமோ என்று தானே முழங்காலிட்டு நகர்ந்து, தடவித் தடவிப் பார்த்தாள். நோயாளியைத் தாங்கிப் பிடிக்கும் பட்டையைக் கூரையில் கொக்கி போட்டுத் தொங்கவிடலாம் என்றார் பயிற்சிச் சாமான்கள் விற்றவர். துளை போட்டதும் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. கொக்கியே வேண்டாம், தரையில் தனியாக நிற்கும் இரும்புச் சட்டம் செய்து வரும்வரை என் கையே போதும் என்று அவரை அனுப்பிவிட்டாள்.

நடை பழகும் இணைக் கம்பிகளை அவள் கணவன் ஜாய்சன் செய்து தந்தான். அவன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்டீல் குழாய்கள். நடுவில் ஒருவர் நின்று இருபுறமும் பிடித்துக்கொள்ள வேண்டும். கூட வேலை செய்யும் டெனிஸும் வந்து தரையில் போல்ட் முடுக்கினான்.

"தொங்கிப் பாரு டெனிஸ்," என்றாள் ஜீவிதா.

"அக்கா, இதுல யானையைக் கட்டினாலும் நிக்கும்."

"யானைக்கு இடுப்பு உடையல. நீ தொங்கு."

டெனிஸ் தொங்கினான். ஜாய்சன் சிரித்தான். "பேசாம இவனையே முதல் பேஷண்டா சேத்துக்கோ ஜீவி. இவன் சரியா நடந்து நானும் பாத்ததில்ல."

அவள் சிரிக்கவில்லை. முதல் பேஷண்ட் யார் என்பது அவளுக்கு முன்பே தெரியும். அந்த மனிதனை நினைத்துத்தான் ஒவ்வொரு போல்ட்டையும் சோதித்தாள்.

கோவளத்து ஆனந்தன். கரையேறும்போது அலை புரட்டிய ஃபைபர் படகு அவனை மணலோடு சேர்த்து நசுக்கியதில் இடுப்பெலும்பு முறிந்தது. பிளேட் வைத்து எலும்பு கூடியும்விட்டது. ஆனால் ஒரு நாள் வீட்டில் சுவரைப் பிடித்து எழுந்தவன் சரிந்து விழுந்தான். எதுவும் முறியவில்லை. அன்றோடு எழுந்து நிற்பதை விட்டுவிட்டான். டாக்டர் ஜீவிதாவைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "நிக்க வைங்க, நின்னாத்தான் கால் தேறும். ஆனா இன்னொரு தடவை விழுந்தா பிளேட் தாங்காது. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது." நிற்காவிட்டால் கால் சூம்பிவிடும், விழுந்தால் எலும்பு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மருத்துவமனையில் எத்தனை பேர் கெஞ்சியும் எழவில்லை. ஜீவிதா விலகப்போகிறாள் என்று தெரிந்தபோதுதான், "மேடம் எங்க கீதோ அங்க வரேன். வேற யார் கையிலயும் நிக்க மாட்டேன்," என்றான்.

அதன்பிறகு அடிக்கடி போன் செய்தான். "மேடம், கம்பி ஆடாதுல்ல?"

"ஆடாதுண்ணா."

"தண்ணி கிண்ணி தேங்குமா அங்க?"

"தேங்காதுண்ணா. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்ததும் அவளே போய்க் கம்பியை ஆட்டிப் பார்ப்பாள்.

இந்தப் போன் பேச்சையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் ஜாய்சனின் தாய் தபீதாள். ஆனந்தனை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் விடிகாலை ஜெபத்தில் பிள்ளைகளின் பெயருக்குப் பிறகு அவன் பெயரையும் சொல்லத் தொடங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை உபவாசத்தையும் அவனுக்காகவே இருந்தார். மருமகளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பலன் போய்விடும் என்று அல்ல, அதைச் சொல்வதற்கு அவருக்குக் கூச்சம்.

கூடத்தின் பிரதிஷ்டை ஒரு காலை நேரத்தில் நடந்தது. பாஸ்டர் வந்தார். இரண்டு பாட்டு, ஒரு வசனம், ஜெபம். பிறகு ஜெபித்த எண்ணெயை விரலில் தொட்டு வாசல் நிலையில் பூசினார். அடுத்து வேறொரு வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போக வேண்டியிருந்ததால் காபியை நின்றபடியே குடித்துவிட்டு பைக்கில் ஏறினார். ஜாய்சன் அவருக்குச் சந்திப்புவரை வழிகாட்டத் தன் வண்டியில் முன்னால் போனான்.

தபீதாளுக்கு மனம் ஆறவில்லை. "வாசலுக்கு மட்டும் பூசிட்டுப் போறாரே. அந்தப் பிள்ளை பிடிக்கப் போறது வாசலையா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த நேரத்தில் வெளியே ஆட்டோ வந்து நின்றது. ஜீவிதா காலையிலேயே கம்பிகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து வைத்திருந்தாள். கடைசியாக ஒருமுறை கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஆனந்தனையும் சக்கர நாற்காலியையும் ஆட்டோவிலிருந்து இறக்க நேரம் பிடித்தது.

அதற்குள் தபீதாள் பாஸ்டர் விட்டுப்போன எண்ணெய்க் குப்பியை எடுத்தார். தோள் பயிற்சிக்குச் சுவரில் மாட்டியிருந்த சக்கரத்தில் ஒரு சிலுவை. கையால் இழுத்துப் பழகும் கயிற்றின் பிடியில் ஒன்று. ஏறி இறங்கிப் பழகும் படிகளின் கைப்பிடியில் ஒன்று. இணைக் கம்பிகளுக்கு வந்தபோது சிறு சிலுவை போதாது என்று தோன்றியது. "ஆண்டவரே, அவன் கை படும் இடமெல்லாம் உம்முடைய கை இருக்கட்டும்," என்று முணுமுணுத்தபடி உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, இரண்டு கம்பிகளையும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிக்கொடுத்தார். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல, பொறுமையாக, முழு மனதோடு. ஸ்டீல் முன்னைவிட இன்னும் பளபளத்தது. பிறகு குப்பியை முந்தானையில் மறைத்துக்கொண்டு மூலையில் போய் நின்றார்.

ஆனந்தன் உள்ளே வந்தான். மெலிந்த உடம்பில் தோள்கள் மட்டும் இன்னும் கடல்காரனின் தோள்களாக இருந்தன. அவன் மனைவி ஜெயப்ரியா நாற்காலியைத் தள்ளிவந்தாள். கம்பிகளைக் கண்டதும் அவன் நாற்காலியின் சக்கரங்களைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டான்.

"இன்னாய்யா, சாமி கும்புடவா வந்த? உள்ள போ," என்றாள் ஜெயப்ரியா.

"இருடி. பாக்கறேன்."

"பாத்துகினே இருந்தா கம்பி தானா வந்து உன்னைத் தூக்குமா?"

அவன் உள்ளங்கைகளைத் துண்டில் துடைத்தான். துடைக்கத் துடைக்க வேர்த்தது. ஜீவிதா அவன் இடுப்பில் அகலமான பட்டையைக் கட்டினாள். நாற்காலியைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, சக்கரங்களைப் பூட்டி, எதிரே நின்று, பட்டையை இரு கைகளாலும் பற்றினாள்.

"அண்ணா, நான் விட மாட்டேன். கம்பியைப் பிடிங்க. முன்னால சாய்ங்க. எழுந்திரிங்க."

"மேடம்... வேணாம் மேடம்."

"நான் இருக்கேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு கம்பிகளைப் பிடித்து எழுந்தான். தொடைகள் நடுங்கின. முழங்கால்கள் நிமிர்ந்தன. ஒரு மூச்சு நேரம் நின்றான்.

அவனுடைய வலக்கை வழுக்கியது.

அவன் உயிரைக் கொடுத்து இறுக்கினான். இறுக்க இறுக்கக் கை நழுவியது. இடக்கையும் வழுக்கியது. அவனுடைய முழு உடம்பும் முறிந்த பக்கமாகச் சரிந்தது. இழுத்து நிறுத்தினால் இடுப்பு திருகும் என்று ஜீவிதாவுக்குத் தெரியும். பட்டையை விடாமல் தானும் அவனோடு கீழே போனாள். ஒரு காலை மடித்து அவனுக்குக் கீழே கொடுத்தாள். அவன் அவள் தொடைமேல் விழுந்தான். எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம்.

"உடைஞ்சிச்சி!" என்று அலறினான் ஆனந்தன். "உடைஞ்சிச்சி மேடம், சத்தம் கேட்டிச்சி!"

ஜெயப்ரியா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜீவிதாவுக்குச் சுற்றியிருந்த எதுவும் தெரியவில்லை. இதைத்தான், இந்த ஒன்றைத்தான், இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். அவனை மெல்ல விரிப்பில் மல்லாத்தினாள். கால்களின் நீளத்தை ஒப்பிட்டாள். பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தாள். இடுப்பை அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா? இங்க? இங்க?"

"தெரியல... இல்ல..."

"குதிகாலைத் தூக்குங்க."

குதிகால் எழுந்தது. இரண்டு கால்களும் ஒரே நீளம். திருப்பினால் திரும்பியது, வலி இல்லை. சத்தம் வந்தது அவன் எலும்பிலிருந்து அல்ல, சுவரோரம் சாத்தியிருந்து ஜெயப்ரியாவின் முழங்கை பட்டு விழுந்த வாக்கரிலிருந்துதான் என்பதை அப்போதுதான் ஜீவிதா கண்டாள். "ஒண்ணும் ஆகலண்ணா. என் கால் மேலதான் விழுந்தீங்க. ஒண்ணும் ஆகல," என்றாள். அவளும் ஜெயப்ரியாவுமாக அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"வூட்டுக்குப் போலாம்," என்றான். "இனிமே என்னை யாரும் எழுப்பாதீங்க."

ஜீவிதா கம்பியைத் தொட்டாள். விரலைத் தேய்த்துப் பார்த்தாள். புரியாமல் நிமிர்ந்தபோது, மூலையில் தபீதாள் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நான்தாம்மா," என்றார். "நான்தான் பூசினேன். ஜெபித்த எண்ணெய்."

"அத்தை!" என்றாள் ஜீவிதா. அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

ஜெயப்ரியாவால் முடிந்தது. "இன்னாம்மா பண்ணி வச்சிகீற! இந்த ஆளை இங்க இட்டுகினு வர நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? புடிக்கிற கம்பியில போய் எண்ணெயைத் தடவுவாங்களா யாராவது?"

தபீதாள் உள்ளே போய்ச் சோப்புத் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தார். கம்பிகளைத் துடைத்தார். உலர்ந்த துணியால் துடைத்தார். மறுபடி சோப்புத் தண்ணீர், மறுபடி உலர்ந்த துணி. ஜீவிதா தொட்டுப் பார்த்துவிட்டு, "போதும் அத்தை, சுத்தமாயிடுச்சு," என்ற பிறகும் கை நிற்கவில்லை. கண்ணீர் கம்பியில் விழுந்துவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தார்.

"இனிமே நான் இங்க வரவே மாட்டேன்மா," என்றார் கடைசியில். "ஒரு சாமானையும் தொட மாட்டேன். வாசப்படி மிதிக்க மாட்டேன்." துணியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

ஆனந்தன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இனிமேல் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்ட கைகள் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"எதுக்கும்மா பூசின?" என்றான்.

"நீங்க விழக் கூடாதுன்னுதான் தம்பி."

"என்னை உனக்குத் தெரியவே தெரியாதே."

"பேர் தெரியும். தினமும் ஜெபத்துல சொல்றேன். கோவளத்து ஆனந்தன் நடக்கணும்னு."

 அவனோடு படகில் வந்தவர்கள்கூட இப்போதெல்லாம் வந்து விசாரிப்பதில்லை. யாரோ ஒரு பெண்மணி, முகம் தெரியாமல், விடிகாலையில் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மனிதர் செய்யும் அன்பு சில நேரம் தப்பாகப் போய்விடுகிறது. அதனால் அது அன்பு இல்லாமல் போய்விடுமா?

"மேடம்," என்றான். "பெல்ட்டைப் புடி."

"இன்னைக்கு வேண்டாம்ணா," என்றாள் ஜீவிதா. பயம் இப்போது அவளுடையது. "எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு இன்னொரு நாள்..."

"இன்னாய்யா உனக்கு, பைத்தியமா?" என்றாள் ஜெயப்ரியா. "இப்பத்தான் போவலாம்ன."

"இப்டியே நான் போய்ட்டா அந்தம்மா இன்னிக்கி தூங்காது. நாளைக்கும் தூங்காது. எனக்குத் தெரியும்டி."

ஜீவிதா மறுபடி முழங்காலிட்டாள். மறுபடி இடுப்பை அழுத்தி, காலைத் திருப்பி, மடக்கி, எங்கும் வலி இல்லை என்று உறுதி செய்தாள். கம்பிகளை அங்குலம் விடாமல் தானே தடவினாள். ஜெயப்ரியாவை நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தினாள். பிறகு பட்டையைப் பற்றினாள். மனதுக்குள் அவள் சொன்னது ஒரே ஒரு சொல்தான்: கர்த்தாவே.

அவன் எழுந்தான்.

இந்த முறை கண்ணை மூடவில்லை. பற்கள் கிட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. கம்பியைப் பிடித்த பிடியில் விரல் கணுக்கள் வெளுத்தன. முழங்கால்கள் ஆடின. ஆடியபடியே நிமிர்ந்தன.

தபீதாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இங்க பாரு," என்றான் மூச்சு வாங்க. "பயத்துல செத்துகினு நிக்கிறேன். நீ பாக்கலன்னா நான் நின்னு இன்னா பிரயோஜனம்?"

அவர் திரும்பினார்.

"போதுமா?"

"போதும் தம்பி. உக்காருப்பா. ஐயோ, உக்காருப்பா."

"சும்மா உக்கார முடியாது. மேடம் சொல்லணும்."

"மெதுவா உக்காருங்கண்ணா," என்றாள் ஜீவிதா. "கையை விடாம. மெதுவா."

அவன் மெதுவாக உட்கார்ந்தான். விழாமல், தானாக. ஜெயப்ரியா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே இடத்தைத் தடவிக்கொடுத்தாள். எதற்கோ சிரித்தாள், எதற்கோ அழுதாள்.

"வெள்ளிக்கெழம வரேன்," என்றான் ஆனந்தன் தபீதாளைப் பார்த்து. "நீ இருக்கணும். நீ இல்லன்னா எழுந்திரிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

தபீதாளின் கைகள் முந்தானைக்குள்ளேயே இருந்தன. ஜெயப்ரியா நாற்காலியைத் திருப்பினாள். வாசல் விளிம்பில் சக்கரம் மாட்டிக்கொண்டது. ஜீவிதா உள்ளே கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்து பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஜெயப்ரியா ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா பாத்துகினு நிக்கிற? ஒரு கை குடேன்."

தபீதாள் ஒரு கணம் தயங்கினார். முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்தார். அவற்றைப் புடவையில் இரண்டு முறை அழுத்தித் துடைத்தார். பிறகு போய் நாற்காலியைப் பிடித்தார்.