எண்பதோடு போதும்

சேலத்தில் அந்தத் தெருக்காரர்கள் மின்சார கார் வாங்கினால், மறுநாளே அதன் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்த்துவிடுவார்கள். பரிமளாவின் அட்டையில் இரண்டு பேர். ஒன்று, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பரிமளா. இன்னொன்று, அவளுடைய வெள்ளைக் கார்.

குடும்பத்து உறுப்பினரைப் பட்டினி போடுவது குற்றம். கார் வந்த ஆறாவது வருடம் எதிர்வீட்டுத் தங்கவேலு புகார் எழுதிப் போட்டார். எண்பது சதவீதம் ஏறியதுமே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறாள், ஒருநாளும் அதை வயிறு நிறைய விட்டதில்லை என்பது புகார். தங்கவேலு, அதே வருடம் வாங்கிய தன் காரைத் தினமும் நூறு வரை ஏற்றுவார். நிறைந்த பிறகும் வெயிலில் நிறுத்தி, ஒயரை மாட்டியே வைத்து உபசரிப்பார். அவசரம் இல்லாத நாளிலும் வேக சார்ஜருக்கு அழைத்துப் போவார்.

விசாரிக்க வந்த அலுவலர் முதலில் காரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு பரிமளாவைக் கேட்டார். இருபதுக்குக் கீழே இறங்க விடுவதில்லை, ஓடி வந்த சூடு தணிந்த பிறகே வீட்டுப் பிளக்கில் மெதுவாக ஏற்றுகிறேன், நிழலில்தான் நிறுத்துகிறேன், தூரம் போவதென்றால் மட்டும் கிளம்புவதற்குச் சற்று முன்பு நூறு என்றாள். புகார் மெய்யானால் காரை எதிர்வீட்டுக்குத் தத்து கொடுக்க வேண்டிவரும் என்றார் அலுவலர். பரிமளா காரின் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது பாவம்மா. ஒருநாளாவது வயிறார விடக்கூடாதா?" என்றார் தங்கவேலு. அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"அது பசியோட இல்லைங்கண்ணா. போதும்னு சொல்ல அதுக்குத் தெரியும், அவ்வளவுதான்."

இரண்டு கார்களும் ஏற்காட்டுக்கு மூன்று முறை ஏறி இறங்கட்டும், மலையே தீர்ப்புச் சொல்லட்டும் என்று அலுவலர் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டுக்கும் நூறு ஏற்றிக் கிளப்பினார்கள். அலுவலர் பரிமளாவின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தார். மூன்றாவது ஏற்றத்தில், பதினான்காவது கொண்டை ஊசி வளைவில், தங்கவேலுவின் கார் ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. தினமும் முட்ட முட்ட ஏற்றியதில் அதன் பேட்டரி ஆறு வருடத்தில் ரொம்பவே சுருங்கி, நூறு என்று காட்டியதெல்லாம் பேருக்குத்தான் என்றாகியிருந்தது. அவர் பக்கத்தில் குந்தி அதற்குத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

பரிமளா நிறுத்திக் கதவைத் திறந்தாள். "ஏறுங்கண்ணா."

அவர் ஏறிக்கொண்டார். வெள்ளைக் கார் மூச்சு வாங்காமல் மிச்ச வளைவுகளையும் ஏறியது. வழியெல்லாம் காப்பித் தோட்டத்து ஆட்கள் கூடையை இறக்கிவைத்துக் கைதட்டினார்கள். உச்சிக்கு வந்தபோது முப்பத்தொன்று மிச்சமிருந்தது. அலுவலர் புகாரைக் கிழித்தார். வீட்டில் அந்த ஒயரை எப்போது கழற்ற வேண்டும் என்று தங்கவேலு மெதுவாகக் கேட்டுக்கொண்டார். பரிமளா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஏரிக்கரையில் கார் வந்து நின்றதும், ஏரி மரியாதையாக எழுந்து நின்றது.

"இருக்கட்டும், உட்காருங்க" என்றாள் பரிமளா. ஏரி உட்கார்ந்தது. காரையும் சேர்த்து நாலு பேரும் டீ குடிக்கப் போனார்கள்.