பின்னால் சறுக்கிய சீட்

பறக்கும் கிளப்பில் அவளுக்குக் 'குண்டூசி' என்று பட்டப்பெயர். அவ்வளவு குட்டை. சீட்டைக் கடைசிவரை முன்னால் தள்ளி, அடியில் கெட்டியான மெத்தை ஒன்றையும் போட்டால்தான் விமானத்தின் மூக்குக்கு மேலே ஓடுபாதை அவள் கண்ணுக்குத் தெரியும்.

அன்றுதான் முதல்முறையாக மாமியாரை ஏற்றிக்கொண்டாள். ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தவர், மகன் நச்சரித்ததால் வந்திருந்தார். முன்சீட் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்.

"நான் எதையாவது தொட்டுத் தொலைச்சா? உன் முதுகுக்குப் பின்னாடியே உக்காந்துக்கறேன். நீ முன்னாடி பாத்து ஓட்டு."

குண்டூசி சீட்டை முன்னால் இழுத்தாள். பூட்டு விழும் சத்தம் கேட்டது. ஆட்டியும் பார்த்தாள், அசையவில்லை.

சக்கரங்கள் தரையை விட்டு மூக்கு மேலே எழும்பியதுதான் தாமதம், அடியில் ஏதோ தெறித்தது. சீட் அவளையும் சுமந்துகொண்டு பின்னால் சறுக்கியது. பெடல்கள் காலுக்கு எட்டவில்லை. எதிரே ஓடுபாதையும் இல்லை, அடிவானமும் இல்லை. கறுப்பு டாஷ்போர்டும் அதற்கு மேல் வெறும் வானமும்தான். விழுகிறவள் கையில் கிடைத்ததைப் பற்றுவதுபோல் ஸ்டியரிங்கைப் பற்றி இழுத்திருந்தாள். இழுத்தால் மூக்கு இன்னும் மேலே போகும். போனது. வேகம் செத்துவிட்டதென்று எச்சரிக்கை ஹார்ன் அலறியது.

விட்டுவிடு என்றது புத்தி. விரல்கள் கேட்கவில்லை. பறக்கிற விமானத்தில் ஸ்டியரிங்கை விடுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு விட்டாள்.

மூக்கு தாழ்ந்தது. ஹார்ன் அடங்கியது.

"ஏம்மா, என் முட்டியில வந்து இடிக்கிறே!"

"அத்தை, சீட்டு கழண்டுக்கிச்சு. முன்னாடி ஒண்ணுமே தெரியல. காலால சீட்டைத் தள்ளுங்க!"

"தள்ளினா ஒடைஞ்சுடாதா?"

"ஒடைஞ்சா ஒடையட்டும். தள்ளுங்க!"

நாலு படி ஏறினாலே முனகுகிறவர், இரண்டு பாதங்களையும் சீட்டின் முதுகில் ஊன்றித் தள்ளினார். சீட் நகர்ந்தது. டாஷ்போர்டுக்கு மேல் அடிவானம் எட்டிப் பார்த்தது. கால் நுனிக்குப் பெடல்கள் வந்தன. குண்டூசி ரேடியோவில் டவருக்குச் சொல்லிவிட்டு, விமானத்தை மெல்லத் திருப்பினாள். காற்று தூக்கிப்போடும்போதெல்லாம் சீட் கொஞ்சம் பின்வாங்கியது. பின்னாலிருந்து ஒரு முனகலோடு மறுபடி முன்னால் வந்தது.

"விட்டுடாதீங்க, அத்தை."

"நீ வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு."

ஓடுபாதை நெருங்கியது.

"தரையைத் தொடறதுக்கு முன்னாடி மறுபடி மூக்கைத் தூக்கணும். அப்ப சீட்டு உங்க மேல வரும்."

"வரட்டும்."

மூக்கைத் தூக்கினாள். சீட் வழுக்கியது, பாதையின் நடுக்கோடு டாஷ்போர்டுக்குக் கீழே முங்கப் பார்த்தது. கழுத்தை எக்கி அதைக் கண்ணால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஒரு பெரிய முக்கல். சக்கரங்கள் தரையில் மோதின. விமானம் இடப்பக்கம் இழுத்தது. எட்டியும் எட்டாமலும் பெடலை மிதித்து நேராக்கி, ஒருவழியாக நிறுத்தினாள்.

"நின்னுடுச்சு அத்தை. காலை எடுங்க."

"நெஜமா நின்னுடுச்சா?"

"நெஜமா."

அத்தையின் கால்கள் நகரவில்லை. குண்டூசியின் தோளைத் தாண்டி ஒரு கை வந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மகன் போனில் படம் பிடித்தபடியே ஓடிவந்து கதவைத் திறந்தான். "எப்படிம்மா இருந்துச்சு?"

"அந்த போனை உள்ள வை முதல்ல," என்றார் அவர். "வந்து என் காலை மடக்கி விடு."