நாலில் ஒரு வாரம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு கராஜ் ஷட்டர் மேலே ஏறும் சத்தம் கேட்டாலே ஜனெலுக்கு வயிறு எரியும். வீடு அவளுடையது, கராஜும் அவளுடையது. ரிமோட் மட்டும் மூன்று ஆண்களின் சட்டைப் பைகளில். வாசல் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரும் வழக்கம் அவள் புருஷன் லைல் இருந்தபோதும் அவர்களுக்குக் கிடையாது. லைல் செத்து மூன்று மாதம் ஆகியும் வரவில்லை. வாளி, சோப்பு, காபி சகிதம் நேரே உள்ளே போய்விடுவார்கள். ஜனெலின் சொந்தக் கார் டூவூம்பா நகரத்தின் ஆலங்கட்டி மழையை வாங்கிக்கொண்டு ரோட்டில் நிற்கும்.

உள்ளே சொகுசாக நிற்பது கருநீல இத்தாலி வண்டி. பன்னிரண்டு சிலிண்டர், நாலு சீட். லைலுக்கு அதில் இருந்தது கால் பங்கு.

லைல் டயர் கடைக்காரன். வேய்ன் கூரை போடும் கான்ட்ராக்டர். ராக்கோ காய்கறி மொத்த வியாபாரி. நைஜல் பல் டாக்டர். அவனால் தனியாகவே வாங்கியிருக்க முடியும், ஆனால் இரண்டு முன்னாள் மனைவிகள் இருந்தார்கள். நாலு பேரும் சேர்ந்தால் ஒரு பணக்காரன் என்பதுதான் கணக்கு. முதலில் சேர்ந்து ஒரு பந்தயக் குதிரை வைத்திருந்தார்கள். லேட் லஞ்ச் என்று பேர். பேருக்குச் சம்பந்தமில்லாமல் அது வரிசையாக ஜெயித்தது, ஹாங்காங்காரன் ஒருவன் நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டு போனான். அந்தப் பணத்தில் பிறந்ததுதான் இந்த வண்டி. ஆளுக்கு ஒரு வாரம், சனிக்கிழமை சாயங்காலம் திருப்பி லைல் வீட்டு கராஜுக்கு. ஞாயிறு காலை கழுவித் துடைத்து அடுத்தவன் கையில் சாவி.

மற்ற மூவரும் இரண்டு சீட் வண்டிதான் கேட்டார்கள். லைல் ஒற்றைக் காலில் நின்றான்.

"ஏன்டா மச்சான், பின்னாடி மாமியாரையா உக்கார வெக்கப் போற?" என்று வேய்ன் சிரித்தான்.

"ரெண்டு வருஷத்துல எம்பொண்ணு டாலியாவுக்கு ஸ்கூல் ஃபார்மல்டா, ஒவ்வொருத்தரும் ஜோரா கார்ல வந்து இறங்கற விருந்து. நான் ஓட்டணும், அவ முன்னாடி, அவ ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் பின்னாடி. உன் பொண்ணு ப்ரியானாவும்தான். ப்ராக்டிகலா யோசிங்கடா."

ப்ராக்டிகலாம்! ஒரு டயர் ஆயிரத்து இருநூறு டாலர், அதுவும் லைல் அடக்க விலைக்குப் போட்டால். ஜனெலின் சமையலறை பத்து வருஷமாக இடிக்கக் காத்திருந்தது. அந்தப் பணம் இந்த வண்டிக்குள் போனது. அன்றைக்குச் சபதம் போட்டாள், அதில் கால் வைக்க மாட்டேன் என்று. தன் முறை வரும் ஒவ்வொரு ஞாயிறும் லைல் வந்து நிற்பான்: "வாயேன், க்ரோஸ் நெஸ்ட் ஊர் வரைக்கும் ஒரு ரவுண்டு. சூடா மீட் பை வாங்கித் தரேன்."

"உன் சின்ன வீட்டுல எனக்கென்ன வேலை? நீயே போ."

அவன் போய்விடுவான். ஜூலையில் கடையில் ஒரு லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு, மூவரும் போன பிறகு, துணி உலர்த்தும் கொக்கிகளைத் தேடி ஜனெல் கராஜுக்குள் போனாள். சுவரில் முறைக் காலண்டர் தொங்கியது. வாரத்துக்கு ஒரு எழுத்து, அந்த வாரக்காரனுடைய பேரின் முதல் எழுத்து. லைலுக்கு உரிய எழுத்து நவம்பர் மூன்றாவது வாரத்தில் இருந்தது. அவனே போன ஜனவரியில் எழுதி, சனிக்கிழமையைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். அது டாலியாவின் ஃபார்மல் நாள். இப்போது அந்த எழுத்து குறுக்கே அடிக்கப்பட்டு, மேலே வேய்னின் எழுத்து கொட்டையாக நின்றது.

ப்ரியானாவும் டாலியாவும் ஒரே வகுப்பு. ப்ரியானாவுக்கும் அன்றைக்குத்தான் ஃபார்மல். ஜனெலுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்த ஞாயிறு ஷட்டர் ஏறியபோது அவள் உள்ளே நின்றுகொண்டிருந்தாள்.

"இத யார் அடிச்சது?"

ராக்கோ வாளிக்குள் பார்த்தான். நைஜல் கண்ணாடியைத் துடைத்தான். வேய்ன்தான் வாயைத் திறந்தான்.

"பாரு கண்ணு, குதிரைக்கு என்ன ரூலோ அதுதான் காருக்கும். பங்காளி ஒருத்தன் போயிட்டா மத்தவங்க அந்தப் பங்க வாங்கிக்கணும். நாங்க பேசிட்டோம். நல்ல விலை தரோம்."

"நான் விக்கறேன்னு எப்ப சொன்னேன்?"

"நீ ஓட்டவும் மாட்ட, ஏறவும் மாட்ட. உனக்கெதுக்கு?"

"அந்தச் சனிக்கிழமைக்கு. டாலியாவுக்கு. அவங்கப்பா அவளுக்குச் சொன்ன வார்த்தை அது."

"வார்த்தை சொன்னவன் இல்லையே, என்ன பண்றது?" வேய்ன் கைகளை விரித்தான். "ஒரு லிமோசின் புக் பண்ணிக்கோ, பாதி நான் தரேன். சும்மா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத. இந்தக் காரோட ஏதாவது ஒரு பேப்பர்ல உன் பேர் இருக்கா? இருந்தா காட்டு, சாவியத் தரேன்."

அப்படி ஒரு பேப்பரை அவள் பார்த்ததே இல்லை. அதுதான் அவளை அதிகம் எரித்தது. மூவரும் அவள் முன்னாலேயே வண்டியைக் கழுவினார்கள். அழுக்குத் தண்ணீர் அவள் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

டாலியா அழவில்லை. பதினேழு வயது, அப்பாவின் தாடை. "பரவால்லம்மா, பஸ்ல போறேன்," என்றாள். பிறகு, "அப்பாவும் நானும் அந்தக் கார்லேர்ந்து இறங்கறதுக்கு ப்ராக்டீஸ் பண்ணினோம். உன் பழைய கல்யாண டிரஸ்ஸப் போட்டுக்கிட்டு. நீ கடைக்குப் போனப்ப. எப்படித் திரும்பினா பாவாடை கதவுல மாட்டாதுன்னு பதினாலு தடவ ஏறி இறங்கினேன்," என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜனெல் அன்றைக்கே லைலின் அலமாரியைக் கொட்டிக் கவிழ்த்தாள். பேப்பரைக் காட்டு என்றானே, பேப்பரைத்தான் தேடினாள். குதிரையின் காகிதம் கிடைத்தது: மேனேஜர் லைல், கீழே வரிசையாக மற்ற மூவர், ஆளுக்குக் கால் பங்கு. காரின் பதிவுக் காகிதமும் கிடைத்தது. அதிலும் லைல் பேர். கீழே பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். வேறு பேரே இல்லை.

திங்கட்கிழமை இறப்புச் சான்றிதழ், உயில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்தில் வரிசையில் நின்றாள்.

"இதுல இன்னும் மூணு பேருக்குப் பங்கு இருக்கு," என்றாள் கவுன்டரில் இருந்த பெண்ணிடம்.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "இங்க ஒரே பேர்தான் இருக்கு. உங்க வீட்டுக்காரர் பேர். உயில்ல எல்லாம் உங்களுக்குன்னு இருக்கு. மாத்திடட்டுமா?"

குதிரைக்காரர்களின் புத்தி. மேனேஜர் என்று ஒருவன் பேரைப் போட்டுவிட்டால் மற்றவர்களின் பேர் தானாகக் கீழே வந்துவிடும் என்று நாலு பேரும் நினைத்துவிட்டார்கள். குதிரையின் காகிதத்தில் கீழே இடம் உண்டு. காரின் காகிதத்தில் கீழே என்று ஒன்று இல்லை.

"மாத்துங்க," என்றாள் ஜனெல். பதிவு அவள் பேருக்கு வந்தது. இன்ஷூரன்ஸும் அவள் பேரில் எடுத்தாள். ஓட்டுகிறவர் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருவர் என்றாள்.

நவம்பர் மூன்றாவது ஞாயிறு எட்டு மணிக்கு ஷட்டர் ஏறவில்லை. வெளியே வேய்ன் ரிமோட்டை அமுக்கினான், தட்டினான், ராக்கோவின் ரிமோட்டை வாங்கி அமுக்கினான். வீட்டு வாசல் கதவு திறந்தது. ஜனெல் படியில் நின்றாள், கையில் பழைய பதிவுக் காகிதமும் புதிய காகிதமும்.

"ரிமோட்டுக்குப் புது நம்பர் போட்டாச்சு."

"விளையாடாத ஜனெல். இது என் வாரம். ஷட்டரத் தூக்கு."

"பேப்பரக் காட்டுன்னியே. இந்தா."

நைஜல்தான் வாங்கிப் படித்தான். படிக்கப் படிக்க முகம் வெளுத்தது. "வேய்ன்... இதுல நம்ம பேர் இல்ல. நம்ம யாரு பேருமே இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

"திருடி!" என்று வேய்ன் கத்தினான். எதிர்வீட்டு நாய் குரைத்தது. "முக்கால்வாசி எங்க காசு! போலீஸக் கூப்பிடறேன்!"

"கூப்பிடு. வண்டி யாருதுன்னு முதல்ல கேப்பாங்க."

"ஏம்மா, இது நியாயமா?" என்றான் ராக்கோ.

"செத்தவன் எழுத்த அடிச்சப்ப நீயும்தான பக்கத்துல நின்ன? அப்ப எங்க போச்சு நியாயம்? உங்க முக்கால் பங்க நான் முழுங்க மாட்டேன். சனிக்கிழமை முடியட்டும், திங்கட்கிழமை வித்து ஆளுக்குச் சேர வேண்டியதத் தரேன். அப்புறம் இந்தப் பக்கம் ஒருத்தன் வரக் கூடாது." வேய்ன் பக்கம் திரும்பினாள். "ப்ரியானாவுக்குப் பின்னாடி ஒரு சீட் இருக்கு. லைல் சொன்னது, அத நான் மாத்தல. அஞ்சு மணிக்கு அனுப்பு. உனக்கு மட்டும்தான் இடமில்ல."

வேய்னின் கழுத்து சிவந்துவிட்டது. பிக்கப்பின் கதவு வரைக்கும் போனவன் திரும்பி நின்றான்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. உன் புருஷன் அவன் வாரத்துல எங்கள ஒருத்தனையும் முன்னாடி ஏத்த மாட்டான். பின்னாடி குந்துங்கடாம்பான். அது ஜனெல் சீட்டு, இன்னிக்கி இல்லன்னாலும் ஒரு நாள் வருவாம்பான். ரெண்டு வருஷம்! நாங்க சிரிச்சு சிரிச்சு ஓஞ்சே போனோம். உயிரோட இருந்தப்ப ஒரு நாள் ஏறினியா நீ? இப்ப மட்டும் கார் வேணுமோ?"

பிக்கப் போய்விட்டது. மற்ற இருவரும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஜனெல் ஜெயித்துவிட்டாள். ஜெயித்த சந்தோஷம் மட்டும் வரவே இல்லை. அன்று முழுக்க வேய்னைக் கரித்துக்கொட்டிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். பொய் சொல்கிறான் என்று இருபது தடவை சொல்லிக்கொண்டாள். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியும்தான், ஆனால் அந்தப் பேச்சு லைலின் பேச்சு.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு வேய்னின் பிக்கப் வாசலில் வந்து நின்றது. ப்ரியானா பச்சைப் பட்டுடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வேய்ன் இறங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மகளுக்காக அவ்வளவு தூரம் ஓட்டி வந்ததே அவனுக்கு விஷம் குடித்த மாதிரி இருந்திருக்கும். ஜனெலுக்கு அதில் கொஞ்சம் இனித்தது, மறைப்பானேன்.

இன்னொரு தோழி மெலீசாவும் பின்னால் ஏறினாள். டாலியா முன்னால். ஜனெல் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மூக்கு நீண்ட வண்டி, முன்னால் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. காலால் தொட்டதும் பின்னாலிருந்து எவனோ தள்ளிய மாதிரி பாய்ந்தது. நாலு பேரும் கூச்சல் போட்டார்கள். "சனியனே, மெதுவா!" என்று வண்டியைத் திட்டினாள் ஜனெல்.

மண்டபத்தின் முன் இருபுறமும் கூட்டம். இவர்களுக்கு முன்னால் ஒரு பையன் அப்பாவின் டிராக்டரில் வந்து இறங்கினான். அதற்குக் கிடைத்த விசிலில் பாதிகூட இத்தாலி வண்டிக்குக் கிடைக்கவில்லை. டாலியா கவலைப்படவில்லை. கதவைத் திறந்தாள், முழங்கால்களைச் சேர்த்துத் திரும்பினாள், இடது கையால் பாவாடையை ஒதுக்கினாள், எழுந்தாள். எங்கேயும் மாட்டவில்லை. குனிந்து உள்ளே பார்த்து, "பதினஞ்சாவது தடவ," என்றாள். தோழிகள் இரண்டு பக்கமும் கைகோத்துக்கொள்ள உள்ளே போனாள்.

ஜனெல் கொஞ்ச தூரம் தள்ளி ஜகரண்டா மரத்தடியில் நிறுத்தினாள். வெயில் இன்னும் இருந்தது. பக்கத்து சீட் காலி. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. இறங்கினாள், வண்டியைச் சுற்றி வந்தாள், அந்தப் பக்கக் கதவைத் திறந்து அங்கே உட்கார்ந்தாள். நல்ல சீட். தோல் வாசனை. இங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவனின் முகம் நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரு மீட் பை, க்ரோஸ் நெஸ்ட் வரைக்கும் ஒரு ரவுண்டு, அவ்வளவுதான் கேட்டான். சமையலறைக்காக ஒரு மனுஷனை இரண்டு வருஷம் தனியாக ஓட விட்டிருக்கிறாள். வேய்ன் மேல் கோபம் கோபமாக வந்தது, ஆனால் அதில் பெரும்பங்கு வேய்னுக்கு உரியது அல்ல என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாய்விட்டு அழுதாள்.

திங்கட்கிழமை விற்க மாட்டாள். நாலில் மூன்று வாரம் அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், இன்ஷூரன்ஸில் பேர் சேர்த்துக்கொள்ளட்டும். சாவி வேண்டுமென்றால் வாசல் கதவைத் தட்டிக் கேட்கட்டும். காலண்டரில் லைலின் எழுத்து இருக்கும் வாரத்தை மட்டும் எவனும் தொடக் கூடாது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். யாரோ ஒரு பிள்ளையின் அப்பா, பளிச்சென்ற மஞ்சள் சட்டை, கையில் வாக்கி டாக்கி.

"இங்க நிறுத்தக் கூடாதும்மா, பின்னாடி பஸ் வருது. வண்டி ஓட்டறவர் எங்க?"

ஜனெல் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். காலியாக இருந்த ஓட்டுநர் சீட்டைப் பார்த்தாள்.

"நான்தான் ஓட்டறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கி அந்தப் பக்கம் நடந்தாள்.